நேவி என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்: நாவாயா, நௌவா, நாவிஸா?

மாட்டுங்காவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டி மும்பையில் எங்கள் குடியிருப்புத் தமிழர் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வந்தது. ‘நேவி’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘நாவாய்’ என்பதிலிருந்தே பிறந்தது என்றும், வெள்ளைக்காரர் அதை மறைத்துவிட்டனர் என்றும் அதில் எழுதியிருந்தது. அன்று மாலையே அலுவலகத்தில் உடன் பணிபுரியும் வட இந்திய நண்பர் வேறொரு செய்தியை அனுப்பினார். அதிலோ ‘நேவிகேஷன்’ என்பது சமஸ்கிருத ‘நவகதி’யின் திரிபு என்றும், ‘நேவி’ என்பது ‘நௌ’ என்பதன் திரிபு என்றும் இருந்தது. இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே தவறா என்பதைச் சொற்பிறப்பு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. தரைக்கு ஆர்மி, கடலுக்கு நேவி என்றால், ‘மரீன்’ என்ற சொல் எதற்கு என்று என் மகள் கேட்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை.

சொல்தேடி, முலுண்ட் எழுதியது:

ஆங்கிலச் சொல் வந்த வழியில் ஐயத்துக்கு இடமில்லை. அது 14ஆம் நூற்றாண்டில், கப்பற்கூட்டத்தைக் குறித்த ‘நாவீ’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கு மூலம், கலங்கள் என்று பொருள்படும் ‘நாவிகியா’ என்ற லத்தீன் பன்மைச் சொல். அதற்கும் அடியில் கப்பலைக் குறிக்கும் ‘நாவிஸ்’ இருக்கிறது. ஆங்கிலேயரிடம் அதற்கு முன் வேறு சொற்கள் இருந்தன. கடல் வழியே வந்து கொள்ளையிட்ட வைக்கிங்குகளின் கப்பற்கூட்டத்தைப் பெரும்பாலும் ‘ஷிப்ஹெரெ’ என்றும், அதை எதிர்க்கத் தாங்கள் திரட்டிய கூட்டத்தை ‘ஷிப்ஃபியர்ட்’ என்றும் அவர்கள் அழைத்தனர். பகைவன் படைக்கு ஒரு சொல்லும் தன் படைக்கு ஒரு சொல்லும் வைத்திருந்த மொழி அது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆட்சி, சட்டம், போர் ஆகியவற்றின் சொற்கள் பிரெஞ்சுக்கு மாறியபோது, இவ்விரண்டும் வழக்கொழிந்து ‘நேவி’ அந்த இடத்துக்கு வந்தது.

‘நவகதி’ என்பதை ஒதுக்கிவிடலாம். லத்தீனின் ‘நாவிகாரே’ என்பது ‘நாவிஸ்’ என்பதோடு ‘செலுத்து’ என்று பொருள்படும் ‘அகெரெ’ சேர்ந்து உருவானது. வழக்காடுதலைக் குறிக்கும் ‘லிதிகாரே’, தண்டித்துத் திருத்துதலைக் குறிக்கும் ‘காஸ்திகாரே’ ஆகியவையும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. அவற்றிலெல்லாம் எந்தக் கதியும் ஒளிந்திருக்கவில்லை. மேலும் சமஸ்கிருதத்தில் கப்பலைக் குறிக்கும் சொல் தொகையின் முன்னே நிற்கும்போது ‘நௌ’ என்றே வரும். ‘நௌசேனா’ என்பதை நினைத்துப் பாருங்கள். ‘நவ’ என்று தொடங்கினால் அது புதியது அல்லது ஒன்பது. ஊரிலிருந்து வருகிற உறவினர் ‘நவி மும்பை’ (புது மும்பை) என்ற பலகையைப் பார்த்து, இங்கே கடற்படைக்குத் தனி நகரமே கட்டியிருக்கிறார்கள் போலும் என்று வியப்பதும், ‘நவகதி’ என்ற செய்தியை நம்புவதும் ஏறக்குறைய ஒரே வகையான மயக்கம்தான்.

ஆண்டாப் ஹில் அரசு எழுதியது:

ஐயா, ‘நவகதி’யை நீங்கள் தள்ளியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘நாவாய்’ அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. கரிகாலனின் முன்னோரை வெண்ணிக் குயத்தியார் ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டில் பாடுகிறார். காற்றையே ஏவல் கொண்டு பெருங்கடலில் நாவாய் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்பது இதன் பொருள். வள்ளுவரும் ‘கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்கிறார். கப்பலுக்குக் கலம், வங்கம், தோணி, அம்பி, பஃறி, ஓடம் என்று இத்தனை பெயர் வைத்திருந்த ஒரு மொழி, ‘நாவாய்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெளியிலிருந்து கடன் வாங்கியது என்று ஏன் கொள்ள வேண்டும்? ரோமானியரின் வணிகக் கப்பல்கள் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றன. சரக்கோடு சொல்லும் சென்றிருக்கக் கூடாதா?

சொல்தேடி, முலுண்ட் எழுதியது:

அரசு அவர்களே, சரக்கோடு சொல் செல்லும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. நம்முடைய கட்டுமரம் 17ஆம் நூற்றாண்டில் ‘கேட்டமரான்’ ஆகி ஆங்கிலத்தில் ஏறியது. மலாய் மொழியில் கப்பலுக்கு இன்றும் ‘காபல்’ என்றே பெயர். அது தமிழர் கொண்டுபோய்க் கொடுத்தது. இவ்வாறு கடனாகச் சென்ற சொற்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எந்தத் துறைமுகத்தில் இறங்கினவோ அங்கிருந்து பரவும். கடலோடு தொடர்பில்லாத உறவு மொழிகளில் அவற்றின் தடம் இராது.

‘நாவிஸ்’ அப்படிப்பட்டதன்று. கிரேக்கத்தில் ‘நௌஸ்’, ஆர்மேனியத்தில் ‘நவ்’, பழைய ஐரிஷில் ‘நௌ’, ஐஸ்லாந்து வரை பரவிய பழைய நார்ஸில் ‘நோர்’, ரிக் வேதத்தில் ‘நௌ’ என்று இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் தொலைதூரக் கிளைகளில் எல்லாம் அது இருக்கிறது. அந்தந்த மொழியின் ஒலிமாற்ற விதிப்படி மாறியும், பழைய வேற்றுமை உருபுகளை ஏற்றும் நிற்கிறது. முசிறியில் மிளகு ஏற்றிய ரோமானிய மாலுமி இந்தச் சொல்லையும் ஏற்றிச் சென்றான் என்றால், முசிறியையே கேள்விப்படாத நார்ஸ்காரனுக்கு அது எப்படிக் கிடைத்தது என்பதற்கு விடை வேண்டும். தவிர, ரோமானியர் தென்னாட்டுக்கு வரத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹோமரின் காப்பியங்களில் ‘நௌஸ்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

ஆனால் தமிழ் ‘நாவாய்’ எங்கிருந்து வந்தது என்பது வேறு வழக்கு. அதில் நீங்கள் முற்றிலும் தோற்றுவிட்டதாக நான் கருதவில்லை. பாலியிலும் பிராகிருதத்திலும் ‘நாவா’ உண்டு. அதிலிருந்து தமிழுக்கு வந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து. எனக்கு அதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஆகாரத்தில் முடியும் வடசொல் தமிழுக்கு வரும்போது ஐகாரமாவதே வழக்கம். சபா என்பது சபை ஆகிறது, மாலா மாலை ஆகிறது, சாலா சாலை ஆகிறது. அந்த முறைப்படி ‘நாவா’ என்பது ‘நாவை’ ஆகியிருக்க வேண்டும். ‘நாவாய்’ என்ற வடிவம் அந்த அச்சில் பொருந்தவில்லை. இதைக் கொண்டு அது தனித்தமிழ் என்று நிறுவிவிட முடியாது. ஆனால் கடன் சொல் என்பவர்களும் இந்த ‘ஆய்’க்கு ஒரு விளக்கம் தரவேண்டும். எப்படியாயினும், ‘நாவாய்’க்கும் ‘நேவி’க்கும் உறவு இருந்தால் அது தாயும் மகளுமாக இராது. அதிகம் போனால் பங்காளி உறவு.

தூத்துக்குடிக்காரன், சீவுட்ஸ் எழுதியது:

அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறேன். மாட்டுங்காவாசியின் மகள் கேட்ட கேள்வி எங்கள் தொழிலுக்குள்ளேயே உள்ள குழப்பம். ஊரில் யார் கேட்டாலும் ‘மெர்ச்சன்ட் நேவி’யில் இருக்கிறேன் என்கிறோம். நான் படித்த படிப்பு ‘மரீன் இன்ஜினியரிங்’. தகுதித் தேர்வு எழுதியது மும்பை ‘மெர்க்கன்டைல் மரீன் டிபார்ட்மென்ட்’டில். ஒரே ஆளுடைய கையில் ஒரே தொழிலுக்கான இரண்டு சொற்கள் இருக்கின்றன. துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு ‘நேவி’ என்ற பட்டம் எப்படி வந்தது என்று தேடியபோது, முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் வணிகக் கப்பல் மாலுமிகள் பெருந்தொகையாக மாண்டதையடுத்து, அவர்களைச் சிறப்பிக்கும் வகையில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அந்தப் பெயரை வழங்கினார் என்று படித்தேன். அதற்கு முன் எங்கள் தொழிலின் பெயர் ‘மெர்க்கன்டைல் மரீன்’தான், அலுவலகத்தின் பெயர்ப்பலகை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

எங்கள் ஊர்க்காரர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வ.உ.சி. 1906இல் தொடங்கிய ‘சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி’யைத் தமிழில் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்றார்கள். வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே ‘நேவிகேஷனை’யும் ‘நாவாயை’யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. அந்தச் சங்கத்துக்குக் கப்பல் வாங்க அவர் புறப்பட்டு வந்ததும் இந்தப் பம்பாய்க்குத்தான்.

லயன்கேட் பெரியவர் எழுதியது:

நேவல் டாக்யார்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். லயன் கேட் வழியாக அன்றாடம் உள்ளே போய் வந்த காலத்தில், இந்தப் படைக்கு எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்பதை மூத்த மேஸ்திரி ஒருவர் மதிய உணவு நேரத்தில் விரல் மடித்துச் சொல்லிக் காட்டுவார். மகளின் கேள்விக்கு விடை அகராதியில் இருப்பதைவிட அந்தப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது என்பது என் கருத்து.

கிழக்கிந்தியக் கம்பெனி 1612இல் சூரத்துக்கு அருகே தன் வணிகத்தைக் காக்க நிறுத்திய கப்பல்களுக்குக் கம்பெனியின் ‘மரீன்’ என்று பெயர். 1686இல் தலைமையிடம் இங்கே மாறியதும் ‘பாம்பே மரீன்’ ஆயிற்று. 1830இல் ‘இந்தியன் நேவி’ என்று உயர்த்தினார்கள். 1863இல் போர்ப் பொறுப்பை அரச கடற்படையான ராயல் நேவி எடுத்துக்கொண்டு, இங்கிருந்த கப்பல்களுக்கு ஆள் ஏற்றுவது, கடல் அளப்பது போன்ற வேலைகளை மட்டும் விட்டுவைத்தபோது, பெயர் மறுபடியும் ‘பாம்பே மரீன்’ என்று இறங்கியது. 1877இல் ‘இந்தியன் மரீன்’, 1892இல் ‘ராயல் இந்தியன் மரீன்’ என்று அடைமொழி கூடினாலும் ‘மரீன்’ ‘மரீனா’கவே இருந்தது. 1934 அக்டோபர் 2ஆம் நாள்தான் அது ‘ராயல் இந்தியன் நேவி’ ஆயிற்று. 1950 ஜனவரி 26 அன்று ‘ராயல்’ உதிர்ந்தது.

கப்பல்களும் துறைமுகமும் மாலுமிகளும் அதே இடத்தில் இருக்க, சண்டையிடும் உரிமை வந்தால் ‘நேவி’, அது போனால் ‘மரீன்’ என்று ஆங்கிலேய ஆட்சி இந்தச் சொற்களைப் பதவி உயர்வும் பதவி இறக்கமும் போலப் பயன்படுத்தியிருக்கிறது. ‘மரீன்’ என்பது கடலைக் குறிக்கும் ‘மாரே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடலைச் சார்ந்த எதற்கும் பொருந்தும். அமெரிக்காவில் அதே சொல் கப்பலிலிருந்து கரையேறிப் போரிடும் தனிப்படைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் கடற்படையின் பெயரே ‘மரீன்’தான். ஆகவே எந்த நாட்டுக்காரன் சொல்கிறான் என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

ஒரு சிறு செய்தி. வாடியா குடும்பத்தார் எங்கள் டாக்யார்டில் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் ‘டிரிங்கோமலீ’, நம்முடைய திருகோணமலைதான்.

கொலாபா கோமதி எழுதியது:

பெரியவர் ஐயாவின் பட்டியல் மிகப் பயனுள்ளது. மராத்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று செய்தித்தாளில் ‘நௌதள்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் சிவாஜி மகாராஜாவின் கப்பற்படையைப் பற்றிப் பேசும்போது எவரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை, ‘ஆர்மார்’ என்றே சொல்கிறார்கள். அது போர்த்துக்கீசியரின் ‘அர்மாடா’. பகையாக நின்ற போர்த்துக்கீசியரிடமிருந்தே அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள். ‘அர்மாடா’ என்பதற்கு ஆயுதம் தரித்தது என்றுதான் பொருள். அதில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. அதே லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஆர்மி’ ஆயிற்று. ஆங்கிலத்திலும் ‘ஆர்மி’ முதலில் தரை, கடல் இரண்டின் படையெடுப்புக்கும் பொதுவாக இருந்து, பிற்காலத்தில்தான் தரைக்கென்று ஒதுங்கியது. ஸ்பெயின்காரர் கடற்படையை இன்றும் ‘அர்மாடா’ என்றுதான் அழைக்கிறார்கள்.

சசூன் டாக்கில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் படகுகளின் பக்கவாட்டில் வண்ணத்தில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ‘தாண்டேல்’ என்பது அடிக்கடி வரும். இங்குள்ள மீனவச் சமூகமான கோலி மக்களிடையே அது குடும்பப் பெயர். தூத்துக்குடித் தோணியைச் செலுத்தும் தலைவருக்கும் ‘தண்டல்’ என்றுதான் பெயர் என்று தூத்துக்குடித் தம்பி உறுதிப்படுத்துவார். ஆங்கிலேயர் அதையே ‘டிண்டல்’ என்று எழுதிக்கொண்டனர். ‘நேவி’யின் வேரைத் தேடி ரோமாபுரி வரை போகிற நாம், கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் சேர்த்துக் கட்டும் இந்தச் சொல்லைக் கவனிப்பதில்லை.

தூத்துக்குடிக்காரன், சீவுட்ஸ் எழுதியது:

உறுதிப்படுத்துகிறேன் அக்கா. தோணியில் தண்டல் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

சயான் வாசகி எழுதியது:

‘நேவி’ என்றாலே போர்ப்படை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுவதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், முதலாம் இராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில், சாலொமோன் அரசனுக்குத் தர்ஷீசின் ‘நேவி’ ஒன்று இருந்தது என்று வருகிறது. அந்த ‘நேவி’ யாரோடும் சண்டை போடவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியும் யானைத் தந்தமும் குரங்கும் மயிலும் ஏற்றிக்கொண்டு வந்தது. முழுக்க முழுக்க வணிகக் கப்பல்களின் கூட்டம் அது. நாங்கள் ஆலயத்தில் வாசிக்கும் தமிழ் விவிலியம் அந்த இடத்தில் ‘கப்பல்கள்’ என்றுதான் போடுகிறது, கடற்படை என்றன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலத்தில் ‘நேவி’ என்பதற்குக் கப்பற்கூட்டம் என்ற பொதுப்பொருள் உயிரோடு இருந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

ஆண்டாப் ஹில் அரசு அண்ணனுக்கு ஒரு ஆறுதல் பரிசும் அதே வசனத்தில் இருக்கிறது. அங்கே மயிலுக்கு எபிரேய மூலத்தில் வரும் சொல் ‘துக்கி’. அது நம்முடைய ‘தோகை’யே என்று கால்டுவெல் முதலானோர் கருதினர். இதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆயினும் கப்பலின் பெயரில் கிடைக்காத தமிழ், அந்தக் கப்பல் ஏற்றிவந்த பறவையின் பெயரில் கிடைக்கக்கூடும்.

சொல்தேடி, முலுண்ட் எழுதியது:

சயான் வாசகி சுட்டிய பொதுப்பொருளுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இடைக்கால இங்கிலாந்தின் அரசனிடம் சொந்தக் கப்பல்கள் மிகக் குறைவு. போர் வந்தால் வணிகர்களின் கப்பல்களைப் பிடித்துப் பயன்படுத்துவான். ‘சிங்க் போர்ட்ஸ்’ எனப்பட்ட தென்கிழக்குத் துறைமுக நகரங்கள் தங்களுக்குக் கிடைத்த சலுகைகளுக்குக் கைம்மாறாக ஆண்டுக்கு 15 நாள் 57 கப்பல்களை ஆளோடு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேற்று மீன் பிடித்த படகும் கம்பளி ஏற்றிய கப்பலும் இன்று போர்க்கப்பல் என்றால், வணிகத்துக்கு ஒரு சொல்லும் போருக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. எட்டாம் ஹென்றி 1546இல் கப்பல்களை நிருவகிக்கத் தனி வாரியம் அமைத்த பிறகு, அரசுக்கென்றே நிலையான போர்க்கப்பல்களும் கிடங்குகளும் சம்பளக்காரர்களும் பெருகினார்கள். சொல்லும் மெல்ல அவர்களுக்கே உரியதாயிற்று. ஆகவே, தூத்துக்குடித் தம்பி, நீங்கள் ‘நேவி’ என்று சொல்லிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. சொல்லுக்கு முதல் உரிமையாளர்கள் உங்களைப் போன்றவர்கள்தாம்.

‘நாவிஸ்’ குடும்பத்தில் மீதியையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வரும் குமட்டலைக் குறித்த கிரேக்கச் சொல்தான் ‘நாசியா’. தேவாலயத்தின் நீண்ட நடுக்கூடத்தை ‘நேவ்’ என்பதும் ‘நாவிஸ்’ வழிவந்ததே. கோட்டைப் பகுதியில் உள்ள செயின்ட் தாமஸ் பேராலயத்துக்குள் நின்று பார்த்தால் அது விளங்கும். பிரிட்டனில் கால்வாய் வெட்டிய கூலித் தொழிலாளரை ‘நேவிகேட்டர்’ என்று அழைத்து, அது ‘நேவ்வி’ என்று சுருங்கியது.

மாட்டுங்காவாசி எழுதியது:

இவ்வளவு செய்திகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. குழுவுக்கு மறுமொழி எழுதப் போகிறேன். அதில் தமிழில் ‘கப்பற்படை’ என்று எழுதுவதா, ‘கடற்படை’ என்று எழுதுவதா? சொல்லின் மூலம் கப்பல் என்பதால் ‘கப்பற்படை’தான் நேர்ப்பொருள் என்று தோன்றுகிறது.

ஆண்டாப் ஹில் அரசு எழுதியது:

‘கடற்படை’ என்றே எழுதுங்கள். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று கலங்களைத்தான் சொல்கிறது. அது அந்தக் காலத்துக்குப் போதும். இன்றைய படையில் நீர்மூழ்கி இருக்கிறது, வானூர்தி இருக்கிறது, கரையில் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ‘கப்பற்படை’ என்ற பெயருக்குள் அவை அடங்கவில்லை. ‘நாவாய்’ வழக்கில் எனக்குக் கிடைத்த ‘பங்காளி’ தீர்ப்பை இப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறேன். ‘ஆய்’ ஈற்றைப் பற்றித் தனி இழை தொடங்குவேன்.

லயன்கேட் பெரியவர் எழுதியது:

தமிழில் ‘கடற்படை’ என்பதே பொருத்தம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் படைக்குள்ளே இருப்பவர்கள் கப்பலை விட்டுக்கொடுப்பதில்லை. மாலாடில் உள்ள ‘ஹம்லா’ ஒரு பயிற்சி நிலையம். கோட்டைப் பகுதியில் உள்ள ‘ஆங்ரே’ ஒரு கரைத்தளம். மராட்டிய ஆர்மாரின் தலைவர் கானோஜி ஆங்ரேயின் பெயரைத் தாங்கிய அதுவும், நீர் படாத மற்றதும், பெயருக்கு முன் ‘ஐ.என்.எஸ்.’ என்று போட்டுக்கொள்கின்றன. அதில் கடைசி எழுத்து ‘ஷிப்’. கொலாபாவில் உள்ள கடற்படை மருத்துவமனையின் பெயர் ‘ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி’. அது ‘ஹாஸ்பிடல் ஷிப்’ என்பதன் சுருக்கம். மாடிப்படியும் தோட்டமும் உள்ள கட்டடம், பதிவேட்டில் கப்பல். மாட்டுங்காவாசி, உங்கள் மகள் அடுத்து அதைக் கேட்பாள். விடையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.